கேளுங்கள், சொல்கிறோம்: கந்தோருக்கு வேர்ச்சுவல் டெஸ்க்டொப் எடுக்கலாமா?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியதில் இருந்து, இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. பழைய கணினிகளை என்ன செய்வது, வேர்ச்சுவல் டெஸ்க்டொப் என்கிறார்களே, அதற்கு மாறலாமா? திருகோணமலை மாவட்டத்தில் இருந்து வந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறேன். இங்கே லைனையும் கரண்டையும் கடற்காற்றையும் கணக்கில் எடுக்காமல் சொல்லும் பதில் யாருக்கும் உதவாது.

உவர்மலையில் சிறிய கணக்காய்வுக் கந்தோர் நடத்துகிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கணினிகள் எல்லாம் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. கொழும்பில் இருந்து வந்த ஒரு தம்பி, புதுக் கணினி வாங்கத் தேவையில்லை, எல்லாரையும் வேர்ச்சுவல் டெஸ்க்டொப்புக்கு மாற்றினால் செலவு பாதியாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பலாமா ஐயா?
- கந்தோர் உரிமையாளர், உவர்மலை

தொழில்நுட்பத்தை நம்பலாம். செலவு பாதியாகும் என்ற கதையை நம்பி மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் மேசையில் இருக்கும் கணினிக்குள்ளேயே விண்டோஸ், எக்செல், கணக்கு மென்பொருள், வாடிக்கையாளரின் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. வேர்ச்சுவல் டெஸ்க்டொப்பில் இவை அத்தனையும் வேறொரு இடத்தில் இருக்கும் சேர்வர் என்ற பெரிய கணினியில் ஓடும். அங்கிருந்து உங்கள் மேசைக்குத் திரையின் படம் வரும், இங்கிருந்து அங்கே நீங்கள் தட்டும் எழுத்தும் மவுஸின் அசைவும் போகும். வேலை இவ்வளவுதான். இது நேற்று வந்த விஷயமும் இல்லை. சிட்ரிக்ஸ் 1995இலேயே வின்பிரேம் என்று ஒன்றை விற்றது, 1998இல் மைக்ரோசொப்ட் விண்டோஸ் என்.ரி.யில் டேர்மினல் சேர்வர் பதிப்பைக் கொண்டுவந்தது. சேர்வரை நாமே வாங்காமல் மாத வாடகைக்கு எடுக்கலாம் என்ற நிலை பிறகுதான் வந்தது: 2014இல் அமேசன் வேர்க்ஸ்பேசஸ், 2019இல் இன்று அஷூர் வேர்ச்சுவல் டெஸ்க்டொப் என்று அழைக்கப்படுவது, 2021இல் விண்டோஸ் 365.

அந்தத் தம்பி உங்களுக்குச் சொன்னது இந்த வாடகை வகையாகத்தான் இருக்கும். வாடகை தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வரும், விலை டொலரில் போடப்படும். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியதை நாம் எல்லாரும் பார்த்தோம். அன்று டொலரில் சந்தா கட்டிக்கொண்டிருந்த கந்தோர்களுக்கு ஒரே இரண்டு மாதத்தில் பில் முக்கால் மடங்கு ஏறியது. வாங்கி வைத்த கணினிக்கு அந்தப் பயம் இல்லை. ஆகவே ஒரு மாதக் கணக்கைப் பார்க்காமல் நான்கு வருடக் கணக்கைப் போடுங்கள். வாடகை, அதோடு இப்போது இருப்பதை விட நல்ல பைபர் இணைப்பு, அது விழுந்தால் பாவிக்க இரண்டாவது லைன், கணக்கு மென்பொருளைச் சேர்வரில் ஓட்டத் தனி லைசன்ஸ் கேட்பார்களா என்பது, இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மறுபக்கத்தில் ஒன்பது புதுக் கணினிகளின் விலையை எழுதுங்கள். பெரும்பாலும் செலவு குறையாது. நீங்கள் கணக்காய்வாளர், இதை என்னைவிட வடிவாகப் போடுவீர்கள்.

அப்படியென்றால் எதற்கு மாற வேண்டும்? என் பார்வையில் காரணம் உங்கள் தொழிலில்தான் இருக்கிறது. ஊரில் பல கடைகளின், ஹோட்டல்களின் வரவு செலவும் சம்பளப் பட்டியலும் உங்கள் ஒன்பது கணினிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒருவர் லப்டொப்பை பஸ்ஸில் விட்டுவிட்டால், அல்லது ஒரு கணினிக்குள் வைரஸ் புகுந்தால், போவது வாடிக்கையாளரின் இரகசியம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது, அதில் நாட்டுக்கு வெளியே தரவை அனுப்புவது பற்றிய ஏற்பாடும் உண்டு, ஆகவே சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோப்புகள் ஒரே இடத்தில் இருந்தால் காப்புப் பிரதி எடுப்பதும் ஒரே இடம், அப்டேட் போடுவதும் ஒரே இடம். உங்கள் ஆள் நிலாவெளியில் ஹோட்டல் கணக்குப் பார்க்கப் போனாலும் பென்டிரைவ் கொண்டுபோகத் தேவையில்லை, அங்கேயே லொகின் செய்து தன் திரையைத் திறக்கலாம்.

கரண்ட் விஷயத்திலும் உங்களுக்கு இது நல்லது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே இருண்டது. சாதாரண கணினியில் கரண்ட் போனால் சேமிக்காத எக்செல் அதோடு சரி. வேர்ச்சுவல் டெஸ்க்டொப்பில் வேலை ஓடுவது தூரத்துச் சேர்வரில் என்பதால், இங்கே திரை அணைந்தாலும் அங்கே எல்லாம் திறந்தபடி இருக்கும். கரண்ட் வந்து மறுபடி லொகின் செய்தால் கர்சர் நின்ற அதே செல்லில் நிற்கும். (துண்டிக்கப்பட்ட செஷனை, அதாவது அங்கே திறந்தபடி நிற்கும் உங்கள் வேலையை, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று ஒரு அமைப்பு உண்டு. அதைப் பத்து நிமிடம் என்று வைத்துவிட்டால் இந்த நன்மை போய்விடும், விற்பவரிடம் சொல்லி நீட்டி வையுங்கள்.) பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று போட்டால், லப்டொப் வைத்திருப்பவர்கள் கரண்ட் இல்லாமலும் வேலையைத் தொடரலாம்.

வாடகை வேண்டாம், சேர்வரைக் கந்தோரிலேயே வைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஒன்பது பேருக்கு 64 ஜி.பி. ராம், ஒன்றின் பிரதியை மற்றது வைத்திருக்கும் இரண்டு எஸ்.எஸ்.டி. உள்ள ஒரு சேர்வர் தாராளம். ஆனால் உவர்மலையில் உங்கள் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. ஒரு பழைய சிபியுவின் பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள்: திருகாணித் தலைகளில் துரு, ராமைக் கழற்றினால் அதன் செம்புப் பற்களின் ஓரத்தில் பச்சைப் பூச்சு. உப்பும் ஈரப்பதனும் செய்த வேலை அது. ஒரு கணினிக்கு இது நடந்தால் ஒருவர் சும்மா இருப்பார், சேர்வருக்கு நடந்தால் ஒன்பது பேரும் சும்மா இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத, ஏசி போட்ட சின்ன அறையும், கூப்பிட்டால் அன்றைக்கே வரக்கூடிய ஆளும் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

பழைய கணினிகளை எறிய வேண்டாம். ஆனால் விண்டோஸ் 10ஐ அப்படியே வைத்துக்கொண்டு அதில் இருந்து வேர்ச்சுவல் டெஸ்க்டொப்புக்குப் போவதும் சரியில்லை. உள்ளே ஒரு திருட்டு நிரல் புகுந்தால் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை வழியிலேயே எடுத்துவிடும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு, பிரவுசர் வழியாக நுழையுங்கள். அந்த வேலைக்கு எட்டு, பத்து வருடக் கணினியும் போதும்.

ஒன்பது பேரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மூன்று பேரை ஒரு மாதம் விடுங்கள், மாதக்கடைசி அதற்குள் வர வேண்டும், அந்த மூவரில் ஒருவர் எதற்கெடுத்தாலும் குறை சொல்பவராக இருக்கட்டும். நவம்பரில் மட்டும் தொடங்க வேண்டாம். 30ஆம் திகதி வருமான வரி விபரத்திரட்டுக் கொடுக்கும் அவதியில் புதுத் திரையோடு சண்டை பிடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

எனிடெஸ்க்கும் இதுவும் ஒன்றுதானே? அது இலவசம் அல்லவா?
- வாசகர், உப்புவெளி

இல்லை. எனிடெஸ்க்கில் நீங்கள் இன்னொருவரின் கணினிக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள், அந்தக் கணினி அங்கே போட்டபடி இருக்க வேண்டும், ஒருவர் பாவிக்கும்போது மற்றவர் பாவிக்க முடியாது. வேர்ச்சுவல் டெஸ்க்டொப்பில் ஆளுக்கொரு தனி விண்டோஸ் அல்லது தனி செஷன் சேர்வரில் உண்டு. இலவசம் என்பதும் சொந்தப் பாவனைக்குத்தான், கந்தோர் அலுவலுக்குப் பணம் கட்ட வேண்டும்.

எங்கள் நிறுவனம் வேர்ச்சுவல் டெஸ்க்டொப்புக்கு மாறி மூன்று மாதம். நகரத்துக் கிளையில் நன்றாக ஓடுகிறது. மூதூரில் நாங்கள் ஒரு சொல் அடித்து முடித்த பிறகுதான் திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வருகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 20 எம்.பி.பி.எஸ். காட்டுகிறது. யாரிடம் சொன்னாலும் லைன் சரி என்கிறார்கள்.
- கிளை ஊழியர், மூதூர்

அவர்களும் பொய் சொல்லவில்லை, உங்கள் கரைச்சலும் உண்மை. ஸ்பீட் டெஸ்ட் காட்டுவது ஒரு செக்கனுக்கு எவ்வளவு வரும் என்பதை. உங்களுக்குப் பிரச்சினை அதில் இல்லை. சாதாரண கந்தோர் வேலைக்கு ஒருவருக்கு 1.5 முதல் 3 எம்.பி.பி.எஸ். வரை போதும் என்று மைக்ரோசொப்டே சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது, ஒரு தட்டு சேர்வருக்குப் போய் எழுத்தாகத் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. நீங்கள் 'க' அடித்தால் அது உங்கள் கணினியில் எழுத்தாகாது. சேர்வருக்குப் போய், அங்கே எழுத்தாகி, படமாகித் திரும்ப வேண்டும். 150 மில்லி செக்கனுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மைக்ரோசொப்டின் பரிந்துரை. நூறுக்குள் இருந்தால் டைப் செய்பவருக்கு வித்தியாசமே தெரியாது, முந்நூறுக்கு மேல் போனால் நீங்கள் சொன்ன கதைதான்.

நீங்களே ஒருக்கா அளந்து பாருங்கள். வேர்ச்சுவல் டெஸ்க்டொப்பை முழுத்திரையில் திறந்தால் மேலே ஒரு பட்டை இறங்கும், அதில் போனில் இருப்பது போல சிக்னல் கம்பிக் குறி இருக்கும். அதை அழுத்தினால் போய்த் திரும்பும் நேரம் மில்லி செக்கனில் வரும். காலை பத்து மணிக்கு, மத்தியானம், பின்னேரம் நான்கு மணிக்கு, பிறகு நல்ல மழை பெய்யும் நாளில் என்று ஒரு கிழமை எழுதி வையுங்கள். 4ஜி ரவுட்டர் என்றால் பின்னேரத்தில் ஆள் கூடக் கூட எண் ஏறுவதைக் காண்பீர்கள். அந்தத் தாளோடு தலைமைக் கந்தோருக்குப் போங்கள், "ஸ்லோவாக இருக்கிறது" என்று சொன்னால் கிடைக்காத கவனம் அந்த எண்களுக்குக் கிடைக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: சேர்வர் எங்கே இருக்கிறது? வரைபடத்தில் திருகோணமலைக்கு சென்னை கிட்டத்தான். ஆனால் நம் நாட்டுக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம்தான் கரையேறுகின்றன. மூதூரில் இருந்து போகும் தகவல் முதலில் கொழும்புக்குப் போய்த்தான் கடலில் இறங்கும், பிறகு எந்த நாட்டைச் சுற்றிப் போகும் என்பது இணைப்புத் தரும் கம்பனியைப் பொறுத்தது. சேர்வர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்தால் மூதூரில் என்ன லைன் போட்டாலும் தூரம் குறையாது. அந்த நிலையில் சேர்வரை இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் நியாயமான கோரிக்கை. நகரத்துக் கிளையில் அதே சேர்வர் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள், ஆகவே உங்கள் விஷயத்தில் கூடுதலான சந்தேகம் உள்ளூர் லைன் மேல்தான். நகரத்திலும் அதே முறையில் அளக்கச் சொல்லி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் தட்டச்சுப் பகுதியில் பாமினியில் அடித்த கடிதங்கள் பல வருடத்துக்கு இருக்கின்றன. புதிய முறையில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. எழுத்துருவைப் போட்டேன், தெரிந்தது. மறுநாள் காலையில் வந்தால் மறுபடியும் பழைய கதை. தமிழ் அடிக்கும்போதும் சில வேளை எழுத்து இரட்டிப்பாக விழுகிறது.
- வாசகி, திருகோணமலை நகர்

விற்பனை விளக்கப்படங்களில் இந்தக் கேள்வி வரவே வராது. தமிழில் வேலை செய்யும் ஒவ்வொரு கந்தோருக்கும் முதல் நாளிலேயே வரும்.

பாமினியில் அடித்த கோப்பின் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கிலக் குறிகள், எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். உங்களுக்குத் தந்திருப்பது ஒவ்வொரு நாளும் ஒரு மூலப் பிரதியில் இருந்து புதிதாக எழும்பும் வகை. நீங்கள் வெளியேறியதும் அந்தப் பிரதியில் இல்லாத எல்லாம் கழிந்துவிடும், நீங்கள் போட்ட எழுத்துருவும் அதில் போகிறது. அதை நீங்கள் நூறு முறை போட்டாலும் நிற்காது. ஐ.ரி. பகுதியிடம் மூலப் பிரதியிலேயே பாமினியைப் போடச் சொல்லுங்கள், சிங்களக் கடிதங்களும் வருமென்றால் அதற்குரிய பழைய எழுத்துருக்களையும் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொடுங்கள். எழுத்தில் கொடுங்கள்.

எழுத்து இரட்டிப்பாக விழுவதற்குக் காரணம், தமிழ் விசைப்பலகை மென்பொருள் உங்கள் கணினியிலும் ஓடுகிறது, சேர்வரிலும் ஓடுகிறது. ஒரு தட்டை இரண்டும் பிடித்து மாற்றுகின்றன. மேசையில் உள்ள கணினியை ஆங்கிலத்தில் விட்டுவிடுங்கள், தமிழை வேர்ச்சுவல் டெஸ்க்டொப்புக்குள் மட்டும் வையுங்கள். ரெங்கநாதன் முறையில் அடிப்பவர், பாமினி முறையில் அடிப்பவர், ஒலியியல் முறையில் அடிப்பவர் என்று ஒரே பகுதியில் மூன்று பேர் இருப்பார்கள், மூன்று முறையும் மூலப் பிரதியில் இருக்க வேண்டும். பல வருடமாக ஒரு முறையில் பழகிய விரலை ஒரு கிழமையில் மாற்றச் சொல்வது சரியில்லை. புதிய கடிதங்களை மட்டும், பாமினி இல்லாத கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் அடிக்கத் தொடங்குங்கள், பழையதை ஆறுதலாக மாற்றலாம்.

ரசீது அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரும் ஸ்கேனரும் இதில் வேலை செய்யுமா?
- கடை முகாமையாளர், கந்தளாய்

சாதாரண லேசர் பிரிண்டர் கரைச்சல் தராது. டொட் மெட்ரிக்ஸுக்கு அதே டிரைவரும் அதே தாள் அளவும் சேர்வரிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரசீது பாதியில் வெட்டுப்படும். ஸ்கேனரை உள்ளே கொண்டுபோகப் பாடுபடாதீர்கள், வெளியே ஸ்கேன் செய்து பொதுக் கோப்புறையில் போட்டு உள்ளிருந்து திறவுங்கள். சோதனைக் காலத்தில் முதல் நாளே ஒரு ரசீது அடித்துப் பாருங்கள்.

கந்தோரில் உள்ள விண்டோஸ் சேர்வருக்கு வீட்டில் இருந்து நுழைய ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டோம். காசு செலவில்லாமல் நன்றாக ஓடுகிறது. இதை எல்லாருக்கும் சொல்லுங்கள்.
- வாசகர், சீனன்குடா

இதை வாசிக்கும்போதே எழும்பிப் போய் அந்தப் போர்ட்டை மூடுங்கள், பிறகு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

3389 என்பது தூரத்தில் இருந்து விண்டோஸுக்குள் நுழையும் வாசலின் இலக்கம். இணையத்தில் திறந்த 3389ஐத் தேடி இரவு பகலாகத் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. திறந்து சில மணித்தியாலத்துக்குள் உங்கள் கதவையும் தட்டத் தொடங்கியிருக்கும். சேர்வரின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 4625 என்ற இலக்கத்தைத் தேடுங்கள், தோற்ற லொகின் முயற்சிகள் வரிசையாக நிற்கும். 2019 மே மாதத்தில் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது பழைய விண்டோஸ்களுக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் இந்த வழியால் நுழையலாம் என்று தெரிந்தது. மைக்ரோசொப்ட் ஆதரவு முடிந்துபோன எக்ஸ்.பி.க்கும் அன்று திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தை யோசித்துப் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் கூட்டங்கள் அதிகமாக நுழையும் வாசல்களில் இது ஒன்று. போர்ட் இலக்கத்தை மாற்றினால் போதும் என்று சொல்வோரையும் கேட்க வேண்டாம், அந்தக் கூட்டங்கள் எல்லா இலக்கத்தையும் தேடும்.

செய்ய வேண்டியது: வயர்காட் போன்ற வி.பி.என். ஒன்றை, அதாவது இணையத்துக்குள்ளால் போகும் பூட்டிய தனி வழியை, போடுங்கள், அதுவும் காசில்லாமல் கிடைக்கிறது. வீட்டில் இருந்து முதலில் வி.பி.என்., அதற்குள்ளால் சேர்வர். பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் இரண்டாவது உறுதிப்படுத்தலும் வேண்டும். சேர்வரோடு எப்போதும் தொடுத்திருக்காத காப்புப் பிரதி ஒன்றும் வேண்டும். தொடுத்திருந்தால் பூட்டும் கூட்டம் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

நிலாவெளியில் வீட்டில் இருந்து கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். என் சொந்த லப்டொப்பில் அவர்கள் தந்த வேர்ச்சுவல் டெஸ்க்டொப்பைத் திறந்துதான் வேலை. என் குடும்பப் படங்கள், ஒன்லைன் வங்கி எல்லாம் அதே லப்டொப்பில். அவர்களுக்கு எதுவரை தெரியும்?
- வாசகி, நிலாவெளி

தங்கச்சி, அந்த வேர்ச்சுவல் டெஸ்க்டொப் திரைக்கு உள்ளே நடப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள், எந்தக் கோப்பைத் திறந்தீர்கள் என்பவை பதிவாகும். அமைப்பைப் பொறுத்து, உங்கள் அனுமதி கேட்டோ கேட்காமலோ உங்கள் திரையை நிர்வாகி பார்க்கவும் முடியும். ஆகவே உள்ளே இருக்கும் பிரவுசரில் வங்கியையோ சொந்த மின்னஞ்சலையோ ஒருபோதும் திறக்க வேண்டாம்.

வெளியே இருப்பது வேறு. சாதாரணமாக உங்கள் படங்கள் அவர்களுக்குத் தெரியாது. மூன்று இடத்தைப் பாருங்கள். இணைக்கும்போது உங்கள் டிரைவ்களையும் உள்ளே கொண்டுபோவதா என்று ஒரு தெரிவு இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். நீங்கள் வெளியே கொப்பி செய்த பாஸ்வேர்ட் உள்ளேயும் ஒட்டக்கூடியதாக இருக்கும், கவனம். மூன்றாவது முக்கியம்: வேர்ச்சுவல் டெஸ்க்டொப்பைத் தவிர வேறு ஏதாவது நிர்வாக மென்பொருளை உங்கள் லப்டொப்பில் போடச் சொன்னார்களா? சொன்னால் அது என்ன பார்க்கும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க இடமில்லை. முடிந்தால் லப்டொப்பில் வேலைக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்று திறந்து, அதில் இருந்து மட்டும் நுழையுங்கள்.

எங்கள் கல்வி நிலையத்தில் பழைய கணினிகள் 12 இருக்கின்றன. ஒரு நல்ல கணினி வாங்கி, 12 பிள்ளைகளையும் அதற்குள் விட முடியுமா? லைசன்சுக்குக் காசு இல்லை.
- ஆசிரியர், கிண்ணியா

முடியும் சேர், ஆனால் விண்டோஸில் வேண்டாம். விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அதைப் பலர் நுழையக்கூடியதாக மாற்றித் தருகிறோம் என்று சில சின்ன நிரல்கள் சுற்றுகின்றன, அவை லைசன்சுக்கு எதிரானவை, அடுத்த அப்டேட்டில் உடைந்தும் போகும். விண்டோஸ் சேர்வர் என்றால் 120 நாள் வரை விடும், பிறகு தலைக்கொரு லைசன்ஸ் கேட்கும்.

லினக்ஸில் இந்தத் தடை இல்லை. 32 ஜி.பி. ராம் உள்ள ஒரு கணினியில் டெபியன் அல்லது உபுண்டு போட்டு, எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற எடை குறைந்த திரையையும், மற்றக் கணினிகளில் இருந்து நுழைய விடும் எக்ஸ்.ஆர்.டி.பி.யையும் நிறுவுங்கள், பிள்ளைக்கொரு கணக்குத் திறவுங்கள். லிப்ரே ஒபிஸும் பைதனும் படிப்பிக்க இது நன்றாகப் போதும். யூடியூப் மட்டும் 12 பேரும் சேர்ந்து பார்க்க முடியாது, படம் விட்டுவிட்டு ஓடும். அதைப் புரொஜெக்டரில் எல்லாருக்கும் சேர்த்துக் காட்டுங்கள்.

இன்டர்நெட் இல்லாமலும் இது ஓடும், எல்லாம் அறைக்குள்ளேதான் நடக்கிறது. அதனால் உங்களிடம் இருக்கும் காசில் முதலில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு கிகாபிட் சுவிட்சும் நல்ல கேபிளும் வாங்குங்கள், சேர்வருக்கு மட்டும் ஒரு யு.பி.எஸ். போடுங்கள். முதல் நாள் நான்கு பிள்ளைகளை விட்டு ராம் எவ்வளவு போகிறது என்று பார்த்து, பிறகு மற்றவர்களை விடுங்கள்.